புலாவ் உபினுக்குக் கிளம்புமுன் அலை அட்டவணையைப் பாருங்கள்

மெல்பர்னிலிருந்து பிள்ளைகளோடு சொந்த ஊரான சிங்கப்பூருக்கு வந்தால் தேக்கா கடைத்தெரு, விருந்து, மறுபடியும் விருந்து என்றே நாள் கரைந்துவிடுகிறது. அதனால் இந்தமுறை புலாவ் உபின் தீவுக்குப் போவதென்று, கிளம்புவதற்கு முன்பே கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் அலை அட்டவணையைப் பார்த்து, பகலில் கடல்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாள் ஒன்றைத் தெம்பனிஸில் இருக்கும் அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டேன். "வெயில்ல போய்க் காய அங்க என்னடா இருக்கு?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

29ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ், அங்கிருந்து நாலு எட்டில் படகுத்துறை. முன்பதிவு, செயலி என்று எதுவும் கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்கிற சிறு மோட்டார் படகு புறப்படும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக எடுத்துப் போங்கள். காத்திருக்க முடியாதென்றால் காலி இடங்களுக்கும் நாமே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எல்லாமே கைப்பேசியில் முடிந்துவிடுகிற ஊரில் இப்படியும் ஒரு துறை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தீவின் பெரும்பகுதி கருங்கல். புக்கிட் தீமா மலையில் இருக்கும் அதே வகைப் பாறை, வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் இங்கிருந்துதான் போனது. கல்லுடைப்பு 1999இல் நின்றுபோய், குழிகளில் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. கிராமத்தை ஒட்டிய பெக்கான் குவாரியில் நடுவே நிற்கும் மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா என்கிற கடலோரப் பகுதி, தீவின் படகுத்துறையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். சதுப்புநிலக் காடு, மணல்திட்டு, கடற்புல் வெளி, பாறைக் கரை எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வருகின்றன. மண் கொட்டி மூட இருந்த இடம் இது. 2001இல் எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகு அந்த நில மீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ரத்து செய்யப்படவில்லை, தள்ளித்தான் வைக்கப்பட்டது என்பதை அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். பலகை நடைபாதை 2007இல் திறக்கப்பட்டது.

கடல் வற்றியிருந்ததால் சதுப்புநிலப் பக்கம் பலகையில் குனிந்து நின்றே நிறையப் பார்த்தோம். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த ஆண் நண்டு, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. பெண் நண்டை அழைக்கவும், இன்னோர் ஆணை மிரட்டவும் அதே ஆட்டம்தானாம். பக்கத்திலேயே சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்கள். மகன் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டான். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் வந்தால் இதெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான்.

அங்கேயே சுற்றிப் பார்ப்பதற்கென்று இருக்கும் ஜெஜாவி கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம். ஏறும்போது இருவாச்சி ஒன்று கண்ணுக்கு நேராகப் பறந்து போனது. சிங்கப்பூரில் காணாமலே போயிருந்த பறவை, 1990களில் இந்தத் தீவில் மீண்டும் தலைகாட்டியது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, குஞ்சு வளரும்வரை ஆண் ஒரு கீற்று வழியே இரை ஊட்டும். பெரிய பொந்துள்ள மரங்கள் குறைவு என்பதால் கூட்டுப்பெட்டிகளும் வைத்தார்கள். "நம்ம மச்சானுக்குக் காட்டணும்" என்றாள் அக்கா.

காட்டுப்பன்றிகள் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே சுற்றுகின்றன. கூடையில் பிஸ்கட் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பாவம் என்று தின்னக் கொடுக்கவும் வேண்டாம், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

வசதிகளைச் சொல்ல வேண்டுமென்றால், செக் ஜாவா வாசலில் கழிப்பறை உண்டு. 1930களில் டியூடர் என்கிற பழைய ஆங்கிலேயப் பாணியில் கட்டிய பழைய வீடு ஒன்றுதான் பார்வையாளர் நிலையம், கணப்படுப்புகூட இருக்கிறது. இந்த வெயிலுக்கு யார் மூட்டினார்களோ! சாப்பாடு, குளிர்பானம் எல்லாம் படகுத்துறைக் கிராமத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாடகை சைக்கிளைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து எடுங்கள். எனக்குக் கிடைத்ததில் பின் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது, திரும்பிப் போய்க் கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். பெரியவர்களை அழைத்துப் போவதானால் துறையருகே வேன் கிடைக்கும். திரும்பக் கூட்டிவரும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

திரும்பும் படகுக்கு மாலையில் வரிசை நீளும். நான்கு மணிவாக்கில் துறைக்கு வந்துவிடுவது நல்லது, சனி ஞாயிறு என்றால் இன்னும் முன்னாடியே.