பண்ணைக்காட்டில் டெபியன்: ஐந்தரை ஆண்டுக் கணக்கு

எங்கள் கடையில் விண்டோஸே கிடையாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மூலையில் ஒரு பழைய கணினி அதற்கென்றே ஒதுங்கிக் கிடக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் கைரேகைக் கருவிக்கு விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும்தான் மென்பொருள் உண்டு. அந்த ஒரு வேலைக்காக அது இருக்கிறது. மற்றவற்றில் எல்லாம், 2020 ஜூலையில் தொடங்கி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸ்தான் ஓடுகிறது. இந்த ஐந்தரை ஆண்டில் எந்த வன்பொருள் ஒத்துழைத்தது, எது காலை வாரியது என்பதை எழுதி வைக்கிறேன்.

கடை இருப்பது கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டில். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். ஜெராக்ஸ், சிட்டா, வாழைத்தார் ஏற்றுகிற வண்டிக்கான ரசீது, 2024 மே முதல் கொடைக்கானல் போகிறவர்களுக்கான இ-பாஸ் என்று நாள் ஓடும். ஒரு கேபிள் வேண்டுமென்றாலும் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். அங்கே இல்லையென்றால் திண்டுக்கல், அங்கேயும் இல்லையென்றால் மதுரை. சமவெளியில் இருப்பவருக்கு வைஃபை அட்டை ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு மாலைப்பொழுது கெடும். எனக்கு ஒரு நாள் வியாபாரம் கெடும், பஸ் கட்டணமும் போகும்.

முதலில் மாற்றியது மகளின் மடிக்கணினியை. ஊரடங்கு நேரம், ஆன்லைன் வகுப்பு. அதிலிருந்த விண்டோஸ் திறந்து முடிப்பதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். டெபியன் 10-ஐ பென்டிரைவில் ஏற்றிப் போட்டேன். பாதி வழியில் இன்ஸ்டாலர் நின்றது. வைஃபைக்கு ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், கொடு என்றது. அந்தக் கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

ஃபர்ம்வேர் என்பது அந்தச் சிறு சில்லு தன்னைத்தானே இயக்கிக்கொள்ளத் தேவையான நிரல். பெரும்பாலான நிறுவனங்கள் அதன் மூலநிரலைத் தருவதில்லை. மூலம் திறக்காத எதையும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்ப்பதில்லை என்று டெபியன்காரர்கள் அப்போது கொள்கை வைத்திருந்தார்கள். கொள்கையை மதிக்கிறேன். ஆனால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு முதல் பாடவேளையைத் தவறவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுந்தது. 2022-இல் அவர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் இன்ஸ்டாலரில் அந்தக் கோப்புகள் சேர்ந்தே வந்தன. 2020-இல் இரண்டு நாள் இழுத்த அதே மடிக்கணினியில் 2023-இல் புதிதாகப் போட நாற்பது நிமிடம் ஆனது.

அந்த இரண்டு நாளில் கற்ற உபாயம் இன்றுவரை சோறு போடுகிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். லினக்ஸ் அதைக் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்ளும். சாதனத்தைக் கணினி இயக்க உதவும் நிரலான டிரைவரைத் தனியாகத் தேட வேண்டாம். எங்கள் வீட்டில் டவர் கிடைக்கும் ஒரே இடம் காப்பி காயப்போடும் களம். மடிக்கணினியைச் சாக்கின்மேல் வைத்து, மழை வருகிறதா என்று வானத்தையும் பார்த்துக்கொண்டு அந்தக் கோப்பை இறக்கினேன்.

கோப்பு வந்தும் வைஃபை நொண்டியது. ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கிடைக்கும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். சுவர் கருங்கல், அதனால்தான் என்று ஒரு மாதம் நம்பினேன். போனில் மட்டும் அதே அறையில் வைஃபை நன்றாகக் கிடைத்ததால் சந்தேகம் வந்து பின்மூடியைக் கழற்றினேன். வைஃபை அட்டையில் ஆன்டெனா மாட்ட இரண்டு பொன்னிறப் பொத்தான்கள். மடிக்கணினி செய்தவர்கள் சிக்கனம் பார்த்து ஒன்றில்தான் கம்பி மாட்டியிருந்தார்கள். டிரைவரோ கம்பி இல்லாத பொத்தானில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தான் என்று சொல்ல அந்த டிரைவரில் ஒரு விருப்பம் உண்டு. ஒரு வரி எழுதிய கோப்பை, டிரைவர்களுக்கான விருப்பங்கள் இருக்கும் மோட்புரோப் அடைவில் வைத்து, எண்ணை 1 என்று கொடுத்தேன். மாற்றமில்லை. 2 என்று கொடுத்து மறுபடி துவக்கினேன். மைனஸ் 84 காட்டிக்கொண்டிருந்த சிக்னல் மைனஸ் 51-க்கு வந்தது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). அடுப்படியிலிருந்தே வகுப்பில் சேர முடிகிறது என்று மகளுக்கு வருத்தம். அந்த ஒற்றை வரி மூன்று பதிப்பு மாற்றங்களைத் தாண்டி இன்றும் அப்படியே இருக்கிறது.

கடையின் மேசைக் கணினிக்கு வந்த சோதனை வேறு வகை. அதில் வைஃபை இல்லாததால், நகம் அளவு யூஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கினேன். அட்டைப்பெட்டியில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படம்கூட இருந்தது. செருகினால் கணினி அதைக் குறுந்தகடு இயக்கி என்றது. விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, முதலில் குறுந்தகடாக வேடம் போடும் சாதனம் அது. வெளியேற்று என்று கட்டளை கொடுத்த பிறகுதான் வேடம் கலைந்து வைஃபையாக நின்றது. பிறகும் லினக்ஸின் மையநிரலான கர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. பெட்டியோடு வந்த மூலநிரல் மிகப் பழைய கர்னலுக்கானது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் புதுக் கர்னலுக்கு ஏற்ப ஒட்டுப்போட்டு இணையத்தில் வைத்திருந்தார். அதை எடுத்துப் போட்டதும் ஓடியது.

ஓடியது, 2021 ஆகஸ்டு வரைக்கும். டெபியன் 11 வந்ததும் ஆசையாக மாறினேன். கர்னல் 4.19-லிருந்து 5.10-க்குத் தாவியது. வெளியிலிருந்து போட்ட டிரைவரை ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் மறுபடி கட்ட வேண்டும். அதைத் தானாகச் செய்யும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் கர்னலுக்குள் ஏதோ மாறியிருந்தால் கட்டுமானம் சரிந்துவிடும். சரிந்தது. கடை வாசலில் சிட்டாவுக்கு நான்கு பேர். கணினி துவங்கும்போது வரும் பட்டியலில் பழைய 4.19 இன்னும் நின்றது. அதைத் தேர்ந்தெடுத்து அன்றைய பொழுதை ஓட்டினேன். புதுக் கர்னல் வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள்.

இதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. அந்த யூஎஸ்பி வைஃபை பழுதாகியிருக்கலாம் என்று அதே மாடலில் இன்னொன்று வாங்கினேன். அதே பெயர், அதே பெட்டி, அதே பென்குவின். அடியில் பொடி எழுத்தில் வி 3 என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. உள்ளே இருந்தது முற்றிலும் வேறு சில்லு. மாடல் பெயரை வைத்து லினக்ஸில் ஓடுமா என்று தேடுவது, வீட்டுப் பெயரை வைத்து மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. உள்ளே இருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அதெரோஸ் ஏஆர் 9271 சில்லு உள்ள பழைய பாணி யூஎஸ்பி ஒன்றைத் தேடி வாங்கினேன், கொம்பு போல ஆன்டெனா வைத்தது. வேகம் அதிகமில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஆனால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேரின் மூலநிரலும் திறந்தது. 2021 டிசம்பரில் செருகினேன். தூசி துடைப்பதைத் தவிர அதற்குப் பிறகு தொடவில்லை.

என் அனுபவத்தில் எல்லாக் கணக்கும் இங்கேதான் வந்து நிற்கிறது. கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் வீட்டுப் பிள்ளை. சண்டை போட்டாலும் வீட்டில்தான் இருக்கும், வயது ஏற ஏறப் பொறுப்பும் வரும். வெளியிலிருந்து ஒட்டியது, ஆடிக்கு ஆடி முறுக்கிக்கொள்ளும் புது மாப்பிள்ளை. வாங்கும் முன் நான் கேட்கும் கேள்வி லினக்ஸில் ஓடுமா என்பதல்ல, கர்னலுக்குள் இருக்கிறதா என்பது.

ஒலி, திரை, கேமரா, டச்பேட் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மேசைக் கணினியும் இரண்டு மடிக்கணினிகளும் இன்டெல் கிராபிக்ஸ் உள்ளவை, போட்ட நாளிலிருந்து வேலை செய்கின்றன. தமிழ்99 தட்டச்சும் அப்படியே. தனி கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள்.

பிரிண்டர்தான் என் பொறுமையைச் சோதித்தது. கடையில் முன்பே இருந்த லேசர் பிரிண்டர், அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரகம். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அதற்கு ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். அந்தத் துணைக்கோப்பும் டிரைவரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். டிரைவர் மட்டும் புதுப்பிக்கப்பட்டால் பச்சை விளக்கு எரியும், தாள் வராது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இங்கே ஒரு நாளைக்கு எத்தனை முறை மின்சாரம் போகும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2023-இல் அதை விற்றுவிட்டு, டிரைவரே தேவைப்படாத பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். ரவுட்டரில் மாட்டியதும் டெபியன் தானாகக் கண்டுகொண்டது, ஸ்கேனர் உட்பட. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐபோனிலிருந்து நேராக அச்சடிக்கும் ஏர்பிரிண்ட் இதில் உண்டா? உண்டென்றால் லினக்ஸிலும் அநேகமாக ஓடிவிடும். எங்கள் வீட்டில் யாரிடமும் ஐபோன் கிடையாது.

கடிகாரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மேசைக் கணினியில் விண்டோஸும் டெபியனும் சேர்ந்தே இருந்தன. கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொதுநேரம் என்று எண்ணி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். இணையம் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். அன்று இணையம் இல்லை. மாலை ஏழு மணிக்கு ஒரு பெரியவருக்கு ரசீது அடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உனக்கு மட்டும் அதற்குள் விடிந்துவிட்டதா?" என்றார். ரசீதில் மறுநாள் தேதி, நள்ளிரவு பன்னிரண்டரை. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். நான் அந்த வாரமே விண்டோஸை மூலைக் கணினிக்கு அனுப்பிவிட்டேன்.

2022-இல் வாங்கிய இரண்டாவது மடிக்கணினியில் எல்லாம் சுகம், தூக்கம் ஒன்றைத் தவிர. மூடி வைத்தால் ஆழ்ந்து தூங்காமல் கோழித்தூக்கம் தூங்குகிறது. பழைய ஆழ்நிலைத் தூக்கத்தை அதன் பயாஸே (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) கொடுப்பதில்லை. தாண்டிக்குடி போய்ப் பையைத் திறந்தால் உள்ளே காப்பி டம்ளர் சூடு. இப்போது அணைத்துவிட்டே கிளம்புகிறேன். மின்கலத்தை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி லினக்ஸிலேயே கிடைக்கிறது, ஆயுள் கூடும் என்கிறார்கள். அதைத் தை முதல் புரட்டாசி வரைதான் வைத்திருப்பேன். மழை மாதங்களில் நூறு.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. மேசைக் கணினியும் இரண்டு மடிக்கணினிகளும் முணுமுணுக்காமல் ஏறின. தோட்டத்துக் கணக்குக்கு வைத்திருந்த 32 பிட் குட்டிக் கணினிதான் ஏறவில்லை. அந்த வகைக்கு 13-இல் இன்ஸ்டாலரே கிடையாது. அது 12-இலேயே நிற்கிறது.

அந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும் ஊரார் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். விண்டோஸுக்கான கணக்கு மென்பொருளான டேலி வேண்டும் என்றவரை அப்படியே திருப்பி அனுப்பினேன். மற்றவர்களுக்கு, வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை, ஒலி, மூடித் திறத்தல், அவர்கள் வீட்டுப் பிரிண்டர் நான்கையும் பார்க்கிறேன். பிறகு உள்ளிருக்கும் சாதனங்களின் எண்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்து, வைஃபைக்கு நேராக உள்ளதைத் தாளில் குறித்துக்கொள்கிறேன். முதல் நான்கு இலக்கம் நிறுவனம், அடுத்த நான்கு சில்லு. 8086 என்று தொடங்கினால் இன்டெல். 1978-இல் வந்த தங்கள் பிராசஸரின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டவர்கள். அந்த எண்ணைப் பார்த்தால் ஒரு டீ சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

தாண்டிக்குடியிலிருந்து ஒரு அண்ணன் நேற்று கொண்டுவந்த மடிக்கணினி இப்போது மேசையில் இருக்கிறது. திரை பளிச்சென்று வருகிறது, பாட்டு கேட்கிறது, மூடினால் நன்றாகத் தூங்குகிறது. நாளைக்கே கிடைக்குமா என்று காலையில் ஒரு முறை போன் செய்தார். வைஃபைக்கு நேரே குறித்த எண் 8086 இல்லை. அவருக்கு இன்னும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை.