ஈரலில் சீழ்க்கட்டியா, நீர்க்கட்டியா?

வேலூரில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஈரலில் கட்டி' என்று பார்த்ததும் பலர் புற்றுநோய் என்றே பதறுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, காய்ச்சல் இருக்கிறதா?

சீழ்க்கட்டி என்றால் குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. சிலருக்கு வலது தோள் வரை இழுக்கும். அமீபாவோ பாக்டீரியாவோ காரணம். அமீபா வகை ஆண்களுக்கு, அதிலும் குடிப்பவர்களுக்கு அதிகம். ஊசியில் எடுத்தால் சாக்லேட் நிறச் சீழ் வரும். இந்த வகை, மெட்ரோனிடசோல் என்ற மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சாதாரண நீர்க்கட்டி அப்பாவி. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும், பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். ஆனால் ஆட்டுப்பட்டியில் நாய்களோடு புழங்குகிறவருக்கு, கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தெரிந்தால் நாடாப்புழுவின் ஹைடாடிட் கட்டியாக இருக்கலாம். அதை அவசரப்பட்டுக் குத்தக் கூடாது. திரவம் உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.