ஸ்காலர்ஷிப்புக்கு எஸ்ஏடி கட்டாயம் என்ற கன்சல்டன்சி: 5-க்கு இரண்டரை

பேரைப் போடப் போவதில்லை. மதுரை பைபாஸ் ரோட்டில் ஏசி போட்ட ஒரு மாடி ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு அமெரிக்காவில் டிகிரி, ஸ்காலர்ஷிப் கிடைத்தால்தான் போவது என்று வீட்டில் முடிவு, அதனால் அப்பாவும் நானும் போனோம். மேடம் மார்க்ஷீட்டைத் திறக்கும் முன்பே, "எஸ்ஏடி இல்லாம மெரிட் ஸ்காலர்ஷிப்பை மறந்துடுங்க தம்பி" என்றார். எஸ்ஏடி என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதுகிற பொதுத் தேர்வு; அதற்குக் கோச்சிங் 38,000 ரூபாய். அப்பா அங்கேயே பாதியைக் கட்டிவிட்டார்.

ராத்திரி உட்கார்ந்து, அவர்களே எழுதிக்கொடுத்த எட்டு யுனிவர்சிட்டிகளின் வெப்சைட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலில் டெஸ்ட் ஆப்ஷனல், மார்க் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு. ஸ்காலர்ஷிப்புக்கும் அதே கதைதான், தனி விண்ணப்பம்கூடக் கிடையாது, அட்மிஷனுக்குப் போட்ட விண்ணப்பத்தில் இருக்கிற பள்ளி மார்க்கைப் பார்த்தே தொகையை முடிவு செய்கிறார்கள். ஒன்றில் மட்டும் அட்மிஷனுக்கு எஸ்ஏடி வேண்டாம், பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் அனுப்பினாலும் அட்மிஷனுக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ பார்ப்பதில்லை. எம்ஐடி 2022-லும் ஹார்வர்டு 2024-லும் திரும்ப டெஸ்ட் கேட்க ஆரம்பித்தது உண்மைதான், ஆனால் அந்த இரண்டிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்ற ஒன்றே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. இதெல்லாம் மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

2007-லிருந்து நுழைவுத்தேர்வு இல்லாமல் ப்ளஸ் டூ கட்-ஆஃபை வைத்தே என்ஜினியரிங் சீட் வாங்குகிற நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. இங்கே மூன்று பாடம், ஒரு பரீட்சை. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருஷ மார்க். ஒன்பதாம் வகுப்பு மார்க் கேட்டு ஸ்கூலுக்குப் போனால் கிளார்க் சார், "அதை எவன் கேக்குறான்?" என்று பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார். தங்கச்சி அரையாண்டில் கணக்கில் 61 எடுத்துவிட்டு அம்மாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து ஹெச்எம் கையெழுத்தும் சீலும் வாங்க மூன்று நாள்.

கன்சல்டன்சியில் உருப்படியான ஆள் டாக்குமென்ட் பார்க்கிற தம்பிதான். மேடம் 92 சதவீதத்தை 25-ஆல் வகுத்து ஜிபிஏ (அமெரிக்காவில் 4-க்குப் போடுகிற சராசரி மார்க்) 3.68 என்று போட, "வேணாம் மேடம், மார்க்கை அப்படியே போடுங்க, அவங்களே மாத்திக்குவாங்க" என்று தடுத்தது அவர். டுவோலிங்கோ மாதிரி ஆங்கிலத் தேர்வு இந்த டெஸ்ட் ஆப்ஷனல் கணக்கில் வராது, ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஞாபகப்படுத்தியதும் அவர்தான். இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

எஸ்ஏடி எழுதாமலே ஆஃபர் வந்தது, வருஷத்துக்கு 14,000 டாலர் ஃபீஸில் கழிவு. ஒவ்வொரு வருஷமும் ஜிபிஏ 3.0-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால்தான் அதுவும் தொடரும், ஹாஸ்டல் சாப்பாடு தனி. இவர்கள் அதை நாலால் பெருக்கி '56,000 டாலர் ஸ்காலர்ஷிப்' என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கட்டிய 19,000-ஐத் திருப்பிக் கேட்டால், விசா ஃபீஸில் கழிச்சுக்கலாம் தம்பி என்று பதில். அப்புறம், தங்கச்சி போட்டோவை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிளெக்ஸில் போட்டதற்குத்தான் அந்த அரை ஸ்டார் குறைப்பு.