ஆறு ஆண்டுச் சந்தாவும் விரல் நுனி மையும்

சிறிய இசை அரங்குகளையும் காலரிப் பக்கமே போகாத ஓவியர்களையும் பற்றி எழுதும் ஒரு வட்டார இதழுக்கு ஆறு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். அட்டையில் ‘மாத இதழ்’ என்று போட்டிருக்கும். ஓர் ஆண்டு ஏழு இதழ்கள் வந்தன, அடுத்த ஆண்டு ஐந்து.

ரிசோகிராஃப் அச்சு; பார்க்க நகலெடுக்கும் இயந்திரம் போலிருக்கும், மையை உருளை வழியே தாளில் இறக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை என்பதால் தாளை மறுபடியும் ஓட்டுவார்கள். நீலத்தின் மேல் சிவப்பு ஒரு மயிரிழை விலகித்தான் உட்காரும். முதலில் பிழை என்று நினைத்தேன். இப்போது கச்சிதமாகப் பொருந்திய பக்கத்தைக் கண்டால்தான் சந்தேகம் வருகிறது. மை முழுதாகக் காய்வதில்லை. வெள்ளைச் சட்டையோடு படிக்காதீர்கள். நடுவில் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். அப்படி மிஞ்சும் பக்கத்தை நிரப்பும் கவிதைகளைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.

விமர்சனப் பகுதியை நம்பாதீர்கள். எழுதியவர் போன வாரம் அதே குழுவில் டிரம்ஸ் வாசித்திருப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர்கள் வானளாவப் புகழ்ந்த ஒரு கேசட்டை வாங்கினேன். ஒரு பக்கம் முழுக்கக் குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

பின்னட்டையில் பொடி எழுத்தில் வரும் நிகழ்ச்சிப் பட்டியல்தான் இதழின் உயிர். முதல் இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்து எங்கே போவது என்று முடிவு செய்துவிட்டு, இதழைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடுவேன். ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது தப்பிப் பிழைத்த ஓர் இதழ் கிடைத்தது. அதன் பட்டியலில் ஐந்து இடங்கள். இன்று இருப்பவை இரண்டு. நாற்பது பேர் தோளோடு தோள் இடித்து நின்று பாட்டுக் கேட்ட ஒரு கிடங்கு அறைக்கு, அந்த ஒரு வரியைத் தவிர வேறு பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. நாளிதழ்கள் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

நியூயார்க்கில் 1979 முதல் 1987 வரை வெளிவந்த ‘ஈஸ்ட் வில்லேஜ் ஐ’ என்ற வட்டாரக் கலை இதழின் ஆவணத் தொகுப்பை அந்நகரப் பொது நூலகம் வாங்கிக்கொண்டது. என் அலமாரியை எந்த நூலகமும் கேட்டு வராது. ஆனாலும் இப்போது ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை.

முதல் ஆண்டில் வந்த நான்கு இதழ்கள் என்னிடம் இல்லை. ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். அவர்களிடமும் பிரதி இல்லையாம். உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள என்னிடம் இரட்டைப் பிரதிகள் சில இருக்கின்றன.