ஷெர்லி பாப்பி என்று வாங்கிய விதை: தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆன்லைனில் பாப்பி என்ற பூச்செடியின் விதை வாங்க நினைப்பவர்களும், வாங்கி ஏற்கெனவே விதைத்துவிட்டவர்களும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 597 ரூபாயும் ஒரு பருவமும் மட்டும்தான் என்றால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு வந்த மூன்று பாக்கெட்டில் ஒன்றில் இருந்தது, நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வளர்த்தால் பத்து ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய செடியின் விதை. அது தெரியாமல் ஐந்து வாரம் அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு குன்னூரில். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். துரை பங்களா என்று சொல்வோமே, அந்த வீட்டு வாசலில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காகிதம் கசக்கியது போன்ற இதழ்களோடு சிவப்பும் ரோஜா நிறமுமாகப் பூக்கள் ஆடிக்கொண்டிருக்கும். அது ஷெர்லி பாப்பி என்று பின்னால்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஷெர்லி என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880 வாக்கில் தன் தோட்டத்து ஓரத்தில் காட்டுப் பாப்பிகளுக்கு நடுவே இதழோரம் வெள்ளையாக இருந்த ஒரே ஒரு பூவைக் கண்டு, அதன் விதையை எடுத்து, வருஷா வருஷம் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய வகை அது. ஒரு மனிதர் அத்தனை பொறுமையாக உருவாக்கிய பூவை என் வாசலிலும் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் முதலில் அதற்குத்தான் பாத்தி எடுத்தேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் மூன்று பாக்கெட் ஆர்டர் போட்டேன். ஷெர்லி கலவை, ஐஸ்லாந்து பாப்பி, நீல பாப்பி. ஒவ்வொன்றும் 199 ரூபாய். 4.3 நட்சத்திரம், நூற்றுக்கணக்கான விமர்சனங்கள். அந்த விமர்சனங்களை நான் படிக்கவில்லை, எண்ணிக்கையைப் பார்த்ததோடு சரி. ஏமாந்த பிறகு உட்கார்ந்து படித்தால், பாதிப் பேர் தக்காளி நல்லா காய்த்தது என்றும், கொத்தமல்லி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். வேறு ஏதோ விதைக்கு வந்த விமர்சனங்களை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் எத்தனை என்று பார்க்காதீர்கள். எதற்குக் கொடுத்த நட்சத்திரம் என்று பாருங்கள்.

வந்தது கவர் என்றுகூடச் சொல்ல முடியாது. நகைக்கடையில் மூக்குத்தி போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பை மூன்று. மேலே பேனாவால் எஸ், ஐ, பி என்று எழுதியிருந்தது. தாவரப் பெயர் இல்லை, லாட் எண் இல்லை, எப்போது பேக் செய்தது, முளைப்புத்திறன் எவ்வளவு, எதுவும் இல்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மழை ஓய்ந்து மண் பதமாக இருந்த சமயம், பருவம் தப்பிவிடக் கூடாதே என்று விதைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு மூன்று பாத்தியில் விதைத்தேன். பாப்பி விதை கண்ணுக்கு மைப்புள்ளி மாதிரி இருக்கும். ஒரு பிடி ஆற்று மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாக அழுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும், மண்ணைப் போட்டு மூடினால் பல விதை வராது. ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் செத்துவிடும், நேராகப் பாத்தியில்தான் விதைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விற்றவர் பிறகு பழியை என் கைமேல் போட்டார். நான்காவது பாத்தியில், போன வருடம் என் செடியிலேயே எடுத்து வைத்த கலிஃபோர்னியா பாப்பி விதையையும் அதே நாளில், அதே மண்ணில், அதே கையால் தூவியிருந்தேன். அது எட்டாம் நாள் முளைத்தது.

முதலில் முளைத்தது நீல பாப்பி. மூன்றாம் நாளே! எனக்கு அப்போதே உறுத்தியது. பாப்பி இவ்வளவு அவசரமாக வராது, பத்து நாள், இரண்டு வாரம் கூட ஆகும். மிச்சமிருந்த விதையில் ஒன்றை நகத்தால் நசுக்கி நாக்கில் வைத்தேன். சுள்ளென்று ஏறியது. கடுகு. 199 ரூபாய்க்கு ஒரு சிட்டிகைக் கடுகு. உண்மையிலேயே நீலமாகப் பூப்பது இமயமலை உயரத்தில் வளரும் மெக்கோனாப்சிஸ் என்ற வேறு இனம். அதற்கு அந்த மலைக் குளிர் வேண்டும். ஷெர்லி பாப்பிச் செடியில் அடர்நீலப் பூ இருக்கிற படம் எங்கே பார்த்தாலும் அது கணினியில் நிறம் மாற்றிய படம். ஒரே பூவில் ஏழு நிறம் என்று போடுவதும் அப்படித்தான்.

ஐஸ்லாந்து பாப்பி கடைசி வரை வரவில்லை. பாத்தியைக் குறை சொல்ல வேண்டாம் என்று, மிச்ச விதையில் இருபதை எண்ணி எடுத்து, ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, டப்பாவில் போட்டு சமையலறை மேடையில் வைத்தேன். மூன்று வாரம் பார்த்தேன். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. செத்துப்போன பழைய விதை.

மூன்றாவது பாக்கெட்டுக்கு வருகிறேன்.

ஷெர்லி பாத்தியில் பன்னிரண்டாம் நாள் பச்சை தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காலையில் காபியோடு அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன். சாணுக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் கலைத்தேன், முப்பத்தொரு செடி நின்றது. பிப்ரவரி நடுவில் எனக்குப் பழக்கமான நர்சரி அண்ணன் எரு கொண்டுவந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இந்த மலையில் பூச்செடியோடேயே வாழ்ந்தவர். பாத்திப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"இது என்ன டீச்சர், முட்டைக்கோஸ் நாத்தா?"

"இல்லண்ணா, ஷெர்லி பாப்பி. ஆன்லைன்ல வாங்கினேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இலையை விரலால் திருப்பிக் காட்டினார். சாம்பல் பூத்த நீலப்பச்சை. மெழுகு தடவினது போல வழவழப்பு, ஒரு முடிகூட இல்லை. முந்தின இரவின் பனித்துளி அதன்மேல் பாதரசம் மாதிரி உருண்டு நின்றது. இலைக்குக் காம்பே இல்லை, அடிப்பாகம் தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது.

"ஷெர்லின்னா இலை கிழிகிழியா, பூராவும் சொரசொரன்னு முடியா இருக்கும் டீச்சர். மொட்டு, தண்டு எல்லாம் முடிதான். இது அது இல்ல. இது கசகசாச் செடி. அபினிச் செடி. வீட்ல வெக்கக் கூடாது."

நான் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றார், உடனே போகவில்லை. அந்த மனிதர் அன்று வரவில்லை என்றால் நான் மார்ச்சில் அதைப் பூக்க வைத்து, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பேன்.

என் உடன்பிறந்த அண்ணனின் மகள் வழக்கறிஞர். அவளுக்குப் போன் போட்டேன். பிடுங்கி எரித்துவிடலாமா என்று கேட்டேன். "அத்தை, தொடாதீங்க. முதல்ல ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுங்க" என்றாள். அவள் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், பலருக்குத் தெரியாத விஷயம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 18-ஆவது பிரிவு அபினிச் செடியைப் பற்றியது. உரிமம் இல்லாமல் பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அழகுக்காகத்தான் வளர்த்தேன் என்பதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. தெரியாமல் விதைத்தேன் என்று நிரூபிக்கிற பாரமும் நம் தலையில்தான் விழும். தன் நிலத்தில் அந்தச் செடி இருப்பது தெரிந்தால் உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 46-ஆவது பிரிவு சொல்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும், மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமத்தோடு விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள்.

ஆர்டர் விவரம், பக்கத்தின் படம், பணம் கட்டிய ரசீது, பை, மிச்ச விதை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அறுபது வயதில் முதல்முறையாக அந்தப் படி ஏறுகிறேன். கை நடுங்கியது. எழுதி வாங்கிக்கொண்டு, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். மாலை இரண்டு பேர் வந்து படம் எடுத்து, முப்பத்தொரு செடியையும் வேரோடு பிடுங்கி எண்ணி எடுத்துப் போனார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனாலும் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த தெரு அது.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில், விதைக்கு ரிட்டர்ன் கிடையாது. இரண்டாவது, பாக்கெட் பிரிக்கும்போது எடுத்த வீடியோ அனுப்புங்கள். மூன்றாவது, உங்கள் மண்ணும் தண்ணீர் விட்ட விதமும் தவறு. நான் தண்ணீர் விட்டதாலா கடுகு முளைத்தது? தண்ணீர் விட்டதாலா ஷெர்லி அபினியாக மாறியது? கசகசாச் செடி அனுப்பியிருக்கிறீர்கள் என்று ரசீது எண்ணோடு எழுதிய பிறகு பதிலே நின்றுவிட்டது.

அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அப்படி ஓர் அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். பத்தொன்பதாம் நாள் 597 ரூபாயும் திரும்பி வந்தது. ஒரு வரி மன்னிப்பு வரவில்லை. பணம் வராமல் போயிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயாராகத்தான் இருந்தேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. 200 ரூபாய்தானே என்று விடுகிறோமே, அந்த ஒரு நினைப்பை நம்பித்தான் இவர்கள் கடை போடுகிறார்கள்.

விதை வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் தாவரப் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஷெர்லிக்குப் பப்பாவர் ரோயாஸ், ஐஸ்லாந்துக்குப் பப்பாவர் நூடிகௌலே, கலிஃபோர்னியா பாப்பி எஷ்ஷோல்சியா. பப்பாவர் சோம்னிஃபெரம் என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். பியோனி பாப்பி, பிரெட்சீட் பாப்பி என்ற பெயர்களில் வருவதும் அதுதான். வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டு, அங்கிருந்து வருகிறவர்களிடம் விதை கேட்காதீர்கள். இங்கிலாந்தில் அதை வாசலில் அழகுக்கு வைக்கிறார்கள், நம் சட்டம் வேறு. விதையைப் பார்த்து இது ஷெர்லி, இது கசகசா என்று பிரிப்பது நம்மைப் போன்றவர்களால் ஆகாது. இலை வந்த பிறகுதான் தெரியும். சமையலறைக் கசகசாவும் அதே செடியின் விதைதான், அதைத் தொட்டியில் தூவிப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம். குருமாவுக்கு அரைப்பது குற்றமில்லை, வளர்ப்பது குற்றம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான், அங்கே விதைக்கே தடை.

சென்னை, மதுரை வெயிலிலும் வருஷம் முழுக்கப் பூக்கும் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பாப்பி குளிர்காலத்துப் பூ. வெயில் ஏறினால் காய்த்துக் காய்ந்துவிடும். சமவெளியில் பாப்பிக் குடும்பத்திலிருந்து தானாக வருவது சாலையோரத்து பிரம்மதண்டுதான், முள்ளும் மஞ்சள் பூவுமாக.

போன வாரம் சும்மா தேடிப் பார்த்தேன். அதே படம், அதே 199 ரூபாய், கடைப் பெயர் மட்டும் வேறு. செம்மண் தரையில் பெண் கை ஒன்று நீலம், சிவப்பு, ஊதா என்று மூன்று பாப்பியை ஒரே தண்டில் பிடித்திருக்கும் படம். தளத்துக்கு மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறேன், இதை எழுதும் வரை அந்தப் பக்கம் எடுக்கப்படவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது வாங்கியிருந்தால், இன்றே பாத்திக்குப் போய் இலையைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரவென்று முடி இருந்தால் நிம்மதியாகத் தண்ணீர் விடுங்கள். முட்டைக்கோஸ் இலை மாதிரி மெழுகாக, தண்டைக் கட்டிக்கொண்டு இருந்தால், பிடுங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, ஆர்டர் ரசீதை எடுத்துக்கொண்டு நீங்களாகவே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.