‘தி வால்’: 1980இன் சுவரா, 2010இன் சுவரா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்ட் 1980–81இல் ‘தி வால்’ ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் பக்கத்து யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட் என நான்கே ஊர்களில் மேடையேற்றியது. பாட்டு நடக்க நடக்க மேடைக்கும் ரசிகர்களுக்கும் நடுவே சுமார் 40 அடி உயர அட்டைச் சுவர் எழும்பும். இடைவேளைக்குள் இசைக்குழுவே மறைந்துவிடும். கடைசியில் சுவர் இடியும். செலவு எக்கச்சக்கம். அதனாலேயே அதிக ஊர்களுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

2010 முதல் 2013 வரை, அந்தக் குழுவிலிருந்து விலகியிருந்த பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் தனியாக 200க்கும் மேற்பட்ட முறை இதை நடத்தினார். சுவர் அதேதான், ஆனால் இப்போது அதன் முழு அகலமும் திரை. போரில் இறந்தவர்களின் படங்களைக் குடும்பத்தாரிடமே கேட்டு வாங்கி அதில் காட்டினார். ஆல்பம் சொன்ன ஒரு ராக் பாடகனின் தனிமைக் கதை போர் எதிர்ப்புக் குரலாக விரிந்தது. எனக்கு அது ஆல்பத்தையே பெரிதாக்கிய மாற்றம்.

காட்சிக்கு இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. இசைக்கு? முதலாவது. ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டில் சுவரின் உச்சியில் நின்று கிட்டார் வாசித்தவர் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அல்லவா! இரண்டாவது பயணத்தில் அவர் வந்தது 2011 மே 12 அன்று, லண்டனில், ஒரே ஒரு இரவு. அந்த இரவில் அரங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன.