கர்னல் செய்திகளைச் சேமிக்க எது: க்ளாக்டி, ஆர்சிஸ்லாக், ஜர்னல்டி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் எழுதும் செய்திகள் முதலில் நினைவகத்திலுள்ள ரிங் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் விழுகின்றன. அது நிரம்பியதும் பழையவை அழியும். கணினி மறுதொடக்கமானால் பொதுவாக எதுவுமே மிஞ்சாது. ஆகவே அவற்றை எடுத்து வட்டில் சேர்க்கும் நிரல்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, சர்வர் திடீரென நின்று மீண்டும் எழுந்தபின் அந்தக் கடைசி வரிகள் கையில் கிடைக்குமா என்பதைத்தான்.

மூன்றில் மூத்தது க்ளாக்டி. அமைப்பதற்கு அதில் அதிகமில்லை: சி என்ற தேர்வுடன் 4 என்று கொடுத்தால், 0 முதல் 3 வரையிலான நிலைகளில் வரும் கடுமையான செய்திகள் (எண் குறையக் குறையக் கடுமை கூடும்) மட்டும் கன்சோலில், அதாவது கணினியின் நேரடித் திரையில், தோன்றும். அது வழக்கமாகப் படிக்கும் ப்ராக் கேஎம்எஸ்ஜி கோப்பில் ஒருமுறை படித்த செய்தி மறுமுறை கிடைக்காது என்பதால், அதனுடன் வேறொரு நிரலும் அங்கே படித்தால் செய்திகள் இரண்டாகச் சிதறிவிடும். புதிய சர்வருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆர்சிஸ்லாக்கில் ஐஎம்க்ளாக் என்ற தொகுதியை ஏற்றி, கெர்ன் வகைச் செய்திகளை, அதாவது கர்னல் செய்திகளைத், தனிக் கோப்புக்குத் திருப்பினால் போதும். கிடைப்பது சாதாரண உரைக் கோப்பு. உரையில் தேடும் கிரெப் கட்டளை தெரிந்த எவரும் தேடலாம். ஜர்னல்டியின் பதிவுகளைப் படிக்கும் ஐஎம்ஜர்னல் தொகுதியையும் சேர்த்து இயக்கினால் அதே கர்னல் செய்தி இருமுறை பதிவாகும் என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜர்னல்டி, 2012-இல் வந்த கர்னல் 3.5 முதல் புது வடிவம் பெற்ற டெவ் கேஎம்எஸ்ஜி என்ற கோப்பு வழியாகப் படிக்கிறது. அங்கே ஒவ்வொரு வாசகருக்கும் எல்லாச் செய்திகளும் தனித்தனியே கிடைக்கின்றன. ஆனால் ஸ்டோரேஜ் அமைப்பு ஆட்டோ என்றிருந்து, வார் லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இல்லாமற்போனால், பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே தங்கும். பெர்சிஸ்டென்ட் என்று மாற்றிவிட்டால், கணினி முந்தைய முறை இயங்கியபோது எழுதப்பட்ட கர்னல் பதிவை ஒரே கட்டளையில் பார்க்கலாம்; இந்த வசதிக்காகவே தனிச் சர்வரில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 0 முதல் 2 வரையிலான நிலைகள் வந்தவுடனே வட்டுக்குச் செல்கின்றன. மற்றவை இயல்பமைப்பில் 5 நிமிடம் வரை காத்திருக்கலாம். வட்டுப் பிழைகள் பெரும்பாலும் 3-ஆம் நிலையில் வருபவை. எனவே இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் சிங்க் இன்டர்வலை 10 நொடியாகக் குறைப்பது நல்லது. ஆர்சிஸ்லாக்கும் இயல்பாக ஒவ்வொரு வரியையும் வட்டில் உறுதிசெய்வதில்லை. அதன் உண்மையான பலம், செய்தியை டிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழியாக அப்போதே வேறொரு கணினிக்கு அனுப்புவதில் இருக்கிறது. ஆகவே பல சர்வர்கள் உள்ள இடத்தில் ஜர்னல்டியோடு அதையும் சேர்த்து வைப்பேன்.

மீளமுடியாத பிழையால் கர்னலே நின்றுபோகும் கர்னல் பேனிக் நேர்ந்தால் இம்மூன்றுமே இயங்காது. அந்த வரிகளுக்கு, யுடிபி என்ற மற்றொரு வலையமைப்பு நெறிமுறை வழியாகக் கர்னலே நேரடியாக அனுப்பும் நெட்கன்சோலையோ, வன்பொருள் இடமளித்தால் மறுதொடக்கத்திலும் அழியாத இடத்தில் அவற்றைச் சேமிக்கும் பிஸ்டோரையோ முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.